பவுன் கணக்கு: முதன்முறை நகை வாங்கப் போகிறவர்களுக்கு

கல்யாண வீட்டில் "எத்தனை பவுன்?" என்று கேட்கிறார்கள், செய்தியில் "சவரனுக்கு இவ்வளவு ஏறியது" என்கிறார்கள், கடைக்குப் போனால் தராசு கிராமில் காட்டுகிறது, பில்லைப் பார்த்தால் 16.450 என்று ஏதோ ஒரு எண் இருக்கிறது. இதுவரை வீட்டில் அம்மாவோ அத்தையோ பார்த்துக்கொண்ட வேலை முதன்முறை உங்கள் தலையில் விழும்போது இந்த நான்கையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதற்குள் கடைக்காரர் பில் போட்டு முடித்திருப்பார். நம் ஊரில் பேச்சு பவுனில், பணம் கிராமில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பலருக்குக் காசு கைநழுவுகிறது. அதனால் வரிசையாகச் சொல்கிறேன், ஒன்றைப் புரிந்துகொண்டு அடுத்ததற்குப் போங்கள்.

முதலில் எட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒரு பவுன் 8 கிராம். சவரன் என்றாலும் அதேதான், இரண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை. கேரளாவில் பவன் என்பதும் இலங்கையில் பவுண் என்பதும் இதே 8 கிராம்தான்.

இந்த எட்டு வந்த வழி பிரிட்டிஷ் தங்கக் காசு. 1817இலிருந்து அச்சான அந்த சாவரின் காசின் எடை 7.988 கிராம், தரம் 22 காரட். முதல் உலகப் போர்க் காலத்தில், 1918இல், பம்பாயிலேயேகூட அதை அச்சடித்தார்கள். நம் ஊரில் அந்தக் காசு பணமாகப் புழங்கியதைவிட நகையாகப் புழங்கியதுதான் அதிகம். மாலையாகக் கோத்தார்கள், உருக்கி வளையலாக அடித்தார்கள், ஆசாரியிடம் "நாலு பவுனுக்கு ஒரு சங்கிலி" என்று நாலு காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். காசின் எண்ணிக்கையே எடையாகிப் போனது. அப்புறம் மெட்ரிக் முறை வந்தபோது 7.988 என்பது 8 என்று முழுதாக்கப்பட்டது. உங்கள் பாட்டியிடம் குதிரை மேல் இருக்கும் வீரன் டிராகனைக் குத்துகிற உருவம் பொறித்த காசு இருந்தால் அது 8 கிராமுக்கு ஒரு துளி குறைவாகத்தான் நிற்கும், ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். நூறு காசு சேர்ந்தால்கூட வித்தியாசம் 1.2 கிராமுக்குள்தான்.

பின்னங்களையும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடையிலும் வீட்டிலும் இப்படித்தான் பேசுவார்கள். அரைப்பவுன் 4 கிராம். கால் பவுன் 2 கிராம். முக்கால் பவுன் 6. ஒன்றரைப் பவுன் 12, ஒன்றேகால் 10. அரைக்கால் பவுன் என்று பெரியவர்கள் சொன்னால் அது சரியாக 1 கிராம். கிராமுக்குக் கீழே இருப்பதை மில்லிகிராம் என்று முழுதாகச் சொல்ல மாட்டார்கள், வெறும் "மில்லி" என்பார்கள். 23.640 கிராம் எடையுள்ள சங்கிலியை "ரெண்டு பவுன் ஏழு கிராம் அறுநூற்று நாற்பது மில்லி" என்பார்கள். கிராமை எட்டால் வகுத்து, முழுப் பவுன் எத்தனை, மிச்சம் எத்தனை கிராம் என்று பிரிப்பதுதான் வேலை, எட்டாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

ஒன்று மட்டும். இந்தக் கணக்கு தங்கத்துக்குத்தான். வெள்ளிக் கொலுசையோ குத்துவிளக்கையோ யாரும் பவுனில் சொல்வதில்லை, அது கிராம், கிலோதான். பிளாட்டினமும் அப்படியே.

புள்ளிக்குப் பின்னால் இருப்பது கிராம் இல்லை

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். "நாலரைப் பவுன்" என்றால் 36 கிராம். "நாலு பவுன் அஞ்சு கிராம்" என்றால் 37 கிராம். இதை வாட்ஸ்அப்பில் அவசரமாக "4.5 பவுன்" என்று எழுதினால், எழுதியவர் எதை நினைத்தார், படித்தவர் எதை எடுத்துக்கொண்டார் என்பது இருவருக்கும் தெரியாது. ஒரு கிராம் என்பது இன்றைய விலையில் சின்ன விஷயம் இல்லை. கால்குலேட்டரில் 37.5 கிராமை எட்டால் வகுத்தால் 4.6875 என்று வரும், அதைப் பார்த்துவிட்டு "நாலு பவுன் ஆறு கிராம்" என்று வாசித்துவிடுகிறார்கள், உண்மையில் அது நாலு பவுன் ஐந்தரை கிராம். எழுத்தில் போகும்போது பவுனில் தசமப் புள்ளியே வைக்காதீர்கள். கிராமை எழுதுங்கள், வேண்டுமானால் பக்கத்தில் பவுனையும் எழுதுங்கள்: "37.500 கிராம் (4 பவுன் 5.500 கிராம்)". பார்க்க நீளமாக இருக்கும், பின்னால் சண்டை வராது.

வெளி மாநிலத்து நண்பர்களோடு பேசும்போது தோலா என்ற சொல் வரும். பழைய தோலா 11.66 கிராம். வடக்கே இன்று பேச்சில் பலர் 10 கிராமையே தோலா என்கிறார்கள். அங்கே விலையையும் 10 கிராமுக்குத்தான் சொல்வார்கள். ஆகவே தேசியச் செய்தியில் வரும் விலையையும் நம் சவரன் விலையையும் நேராக ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். எடையும் வேறு, பல சமயம் காரட்டும் வேறு.

எந்தத் தங்கத்தின் பவுன்?

பவுன் என்பது எடை மட்டும்தான், தரம் அதில் அடங்கவில்லை. ஆனால் காலங்காலமாக 22 காரட் நகையை வைத்தே பேசிப் பழகியதால், "இன்றைக்குப் பவுன் என்ன விலை?" என்று கேட்டால் பதில் சொல்பவர் 22 காரட் ஆபரணத் தங்கத்தின் விலையைத்தான் சொல்வார். 22 காரட் என்றால் நூறில் 91.6 பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். 916 என்று நகையில் இருப்பது இதுதான். ஒரு பவுன் 22 காரட் நகையில் சுத்தத் தங்கம் சுமார் 7.33 கிராம் இருக்கும். 24 காரட் காசு ஒரு பவுன் வாங்கினால் 8 கிராமும் ஏறக்குறைய சுத்தத் தங்கம், அதனால் விலையும் கூடுதல். 18 காரட் என்றால் 75 பங்குதான், இப்போது கடைகளில் 18 காரட் நகை நிறைய வைத்திருக்கிறார்கள், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. "ரெண்டு பவுன் செயின் மலிவாகக் கிடைத்தது" என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது எந்த காரட் என்பதைத்தான்.

இதை வாய்வார்த்தையில் நம்ப வேண்டிய காலம் போய்விட்டது. நகையின் தரத்தைச் சோதித்துப் பொறிக்கும் ஹால்மார்க் 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமானது, 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் கட்டாயமான நகைகளை ஆறு இலக்க ஹெச்யுஐடி (ஒவ்வொரு நகைக்கும் தனியான அடையாள எண்) இல்லாமல் விற்கக் கூடாது. நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, தரம் (22கே916 என்பது போல), அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த அந்த ஆறு இலக்கம். கடையிலேயே பூதக்கண்ணாடி கேளுங்கள், தருவார்கள். செல்போனில் பிஐஎஸ் கேர் செயலியை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போய் அந்த ஆறு இலக்கத்தை அடித்துப் பாருங்கள். தரம் சரியா என்பதோடு நின்றுவிடாமல் அது எந்த வகை நகை என்று காட்டுவதையும் பாருங்கள், கையில் இருப்பது சங்கிலி, திரையில் வருவது மோதிரம் என்றால் அந்த நகையை அங்கேயே வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். 2 கிராமுக்குக் குறைந்த சின்ன நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை, ஆகவே மூக்குத்தி, குழந்தைத் தோடு மாதிரியானவற்றைத் தெரிந்த, நம்பிக்கையான இடத்தில் வாங்குவது நல்லது.

தராசின் முன்னால்

நகையைத் தராசில் வைக்கும் முன் வெறும் தராசு 0.000 காட்டுகிறதா என்று பாருங்கள். மின்விசிறிக் காற்றுக்குக்கூட கடைசி இலக்கம் ஆடும், அதனால்தான் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருப்பார்கள். எண் நிலைக்கும் வரை காத்திருந்து, நீங்களே படித்து, உங்கள் செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறைதான், எடையில் சந்தேகம் வந்தால் புகார் அங்கே போகும். அட்டையில் கட்டியிருக்கும் விலைச்சீட்டின் எடையை நம்பி பில் போட விடாதீர்கள், சீட்டை, நூலைக் கழற்றிவிட்டு உங்கள் கண் முன்னால் ஒருமுறை எடை போடச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம், நல்ல கடைக்காரர் கேட்காமலே செய்வார்.

அடுத்தது கல். கல் வைத்த நகை, முத்து கோத்தது, எனாமல் பூசியது, உள்ளே அரக்கு அடைத்தது, இவற்றுக்கெல்லாம் மொத்த எடை ஒன்று, நிகர எடை ஒன்று. மொத்த எடை 41.280 கிராம் உள்ள ஓர் ஆரத்தைக் காட்டி "அஞ்சு பவுன் ஆரம்" என்பார்கள். அதில் கல் 3.150 கிராம் என்றால் தங்கம் 38.130 கிராம்தான், நாலு பவுன் ஆறு கிராம் நூற்று முப்பது மில்லி. ஐந்து பவுனே இல்லை. தங்கத்தின் விலையை நிகர எடைக்குத்தான் கொடுக்க வேண்டும், கல்லுக்குத் தனி விலை, பில்லில் தனி வரிசை. கல்லின் எடையை காரட்டில் எழுதியிருந்தால் ஐந்தால் வகுத்தால் கிராம் வரும், ஒரு காரட் 0.2 கிராம். தங்கத்தின் தரத்தைச் சொல்லும் காரட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதல் நகை வாங்குகிறவர்கள் கல் இல்லாத நகையாக எடுத்தால் நல்லது என்பது என் கருத்து. அழகு குறையலாம், ஆனால் எடையில் எந்தக் கேள்வியும் இருக்காது, நாளைக்கு அடகு வைத்தாலும் மாற்றினாலும் ஒரே எண்தான்.

பில்லைப் பிரித்துப் படியுங்கள்

ரெண்டு பவுன் வாங்க, செய்தியில் வந்த சவரன் விலையை இரண்டால் பெருக்கிக்கொண்டு பணத்தோடு போனவர்கள் எல்லாம் கடையில் திகைத்து நிற்பது பில்லில் வேறு தொகைகளும் சேர்வதால்தான். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கிராம் 10,000 ரூபாய் என்று கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் போகிற நாளின் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

சங்கிலி 16.450 கிராம், அதாவது ரெண்டு பவுன் நானூற்றைம்பது மில்லி. தங்கத்தின் விலை மட்டும் 1,64,500 ரூபாய். சேதாரம் 12 சதவீதம் என்றால் 1.974 கிராம். இது உங்கள் கைக்கு வராத தங்கம், ஆனால் எடையில் சேர்த்து 18.424 கிராமுக்குப் பணம் கட்டுவீர்கள், 1,84,240 ரூபாய். செய்கூலி 1,500 என்று தனியாகப் போட்டால் 1,85,740. இதன் மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், 5,572 ரூபாய் 20 காசு. ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாய், அதற்கு வரி சேர்த்து 53 ரூபாய் சொச்சம். கூட்டினால் 1,91,365 ரூபாய். நீங்கள் மனதில் வைத்திருந்த "ரெண்டு பவுன்" 1,60,000.

சேதாரம் என்பது ஆசாரி கையால் ராவி, உருக்கி, இழைத்துச் செய்த காலத்தில் உண்மையாகவே தூளாகவும் துகளாகவும் போன தங்கத்துக்கான ஈடு. இன்று இயந்திரத்தில் செய்யும் சங்கிலியில் அவ்வளவு போவதில்லை, துகளையும் சேர்த்தெடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் சேதாரம் என்ற பெயரில்தான் கடையின் கூலியும் லாபமும் வருகிறது. மூன்று, நான்கு சதவீதத்தில் தொடங்கி வேலைப்பாடு கூடக்கூட இருபதைத் தாண்டும். சில கடைகள் "செய்கூலி இல்லை" என்று எழுதிவிட்டுச் சேதாரத்தில் அதை ஏற்றிவிடும், சில கடைகள் நேர்மாறாகச் செய்யும். ஆகவே தனித்தனியாக விசாரித்துக்கொண்டிருக்காமல் ஒரே கேள்வி கேளுங்கள்: "எல்லாம் சேர்த்துக் கைக்கு எவ்வளவு வரும்?" அந்தத் தொகையை நகையின் நிகர எடையால் வகுத்தால் ஒரு கிராமுக்கு உண்மையில் என்ன கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். மேலே உள்ள சங்கிலிக்கு அது ஏறக்குறைய 11,633 ரூபாய். இந்த ஓர் எண்ணை வைத்து எந்தக் கடையையும் எந்தக் கடையோடும் ஒப்பிடலாம். சேதாரத்தில் பேரம் பேசலாம், பேச வேண்டும். கிராம் விலையில் பேச இடமில்லை, அது அன்றைய விலை.

பில்லில் ஒவ்வொரு நகைக்கும் தனி வரிசை, நிகர எடை, காரட்டும் தரமும், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் இருக்க வேண்டும். "நகை 1 செட்" என்று மொத்தமாக எழுதிய சீட்டை வாங்காதீர்கள். தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டினால் பான் எண் கேட்பார்கள், இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக அவர்கள் வாங்கவும் கூடாது. "பில் வேண்டாம் என்றால் வரி மிச்சம்" என்று யாராவது சொன்னால், அந்த மூன்று சதவீதத்துக்காக எடைக்கும் தரத்துக்கும் இருக்கிற ஒரே சாட்சியைக் கைவிடுகிறீர்கள் என்று பொருள்.

சீட்டு கட்டுகிறவர்களுக்கு, ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கு

நகைச்சீட்டு பெரும்பாலும் பதினொரு மாதம். அதில் இரண்டு வகை இருக்கிறது, சேரும்போதே எது என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீங்கள் கட்டும் பணம் பணமாகவே நிற்கும், முடிவில் அன்றைய விலைக்கு எவ்வளவு பவுன் வருமோ அவ்வளவு. மற்றொன்றில் கட்டும் ஒவ்வொரு நாளும் அன்றைய விலைக்கு எத்தனை கிராம், எத்தனை மில்லி என்று புத்தகத்தில் ஏறும். விலை ஏறுமுகமாக இருக்கும்போது எடையாக ஏறும் சீட்டுதான் நல்லது. சேதாரம் இல்லை என்ற சலுகை எத்தனை சதவீதம் வரை, எந்தெந்த நகைக்கு, தங்கக் காசு எடுக்க விடுவார்களா என்பதையும் முதல் மாதமே கேளுங்கள்.

ஆர்டர் கொடுத்துச் செய்யும் நகை, சொன்ன எடைக்குச் சரியாக வராது. நாலு பவுன் சொன்னால் 33 கிராம் வரலாம், 31 வரலாம். எவ்வளவு கூடினால் ஏற்றுக்கொள்வீர்கள் என்பதையும், முன்பணம் கட்டிய நாளின் விலையா, வாங்கும் நாளின் விலையா என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். மீதமெல்லாம் பேசித் தீர்க்கலாம்.

வீட்டுக்குள் பவுன்

கடையைவிட வீட்டில்தான் பவுன் என்ற அளவு அதிகம் பேசப்படுகிறது, அதன் நல்லதும் கெட்டதும் அங்கேதான் இருக்கிறது.

தங்கை கல்யாணத்துக்கு மாமா அரைப்பவுன் மோதிரம் போட்டார் என்றால், பத்து வருடம் கழித்து மாமா பெண்ணுக்கு நாமும் அரைப்பவுன் மோதிரம் போடுவோம். நடுவில் விலை மூன்று மடங்கு ஆகியிருந்தாலும் அரைப்பவுனுக்கு அரைப்பவுன்தான் பதில். காது குத்தில் தாய்மாமன் போடும் கம்மல், குழந்தைக்குப் போடும் சங்கிலி, எல்லாம் இந்தக் கணக்கில்தான் வீடுகளுக்கு இடையில் போய்வருகிறது. பணமாகச் செய்த மொய் பத்து வருடத்தில் மதிப்பிழந்துவிடும், எடையாகச் செய்தது அப்படியே நிற்கும். எனக்கு இந்த வழக்கத்தில் மரியாதை உண்டு. ஆனால் விலை இப்படி ஏறுகிற காலத்தில் அன்று எளிதாகப் போட்ட அரைப்பவுனை இன்று திருப்பிப் போட முடியாமல் கடன் வாங்குகிற குடும்பங்களும் இருக்கின்றன. அப்படி ஒரு நிலை வந்தால் உறவோடு வெளிப்படையாகப் பேசி ஒரு கிராம், அரை கிராம் காசாகச் செய்வதில் எந்தக் குறைவும் இல்லை. மொய் நோட்டில் "மோதிரம் 1" என்று எழுதாமல் "மோதிரம், 3.920 கிராம், 22 காரட்" என்று எழுதி வையுங்கள், எழுதுவது நம் பிள்ளைகளுக்காக.

தாலிக்கொடியை ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படைப் பவுனில் செய்வது பல குடும்பங்களில் வழக்கம், ஈழத் தமிழர்களிடம் இது இன்னும் அழுத்தமாக உண்டு. அப்படிச் செய்ய நினைத்தால் தாலி, குண்டு, காசு, கொடி எல்லாம் சேர்ந்த எடையா, கொடி மட்டுமா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், குடும்பத்துக்குக் குடும்பம் இது மாறும்.

நகை இரவல் கொடுப்பதும் நடக்கும். அண்ணனின் அவசரத்துக்குத் தங்கை வளையலைக் கழற்றிக் கொடுப்பாள், அடகு வைப்பார், மீட்க முடியாமல் போகும், "பவுனாகவே திருப்பித் தருகிறேன்" என்பார். இங்கேயும் கிராம், மில்லி, காரட் மூன்றும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பம் வைத்துக்கொள்ளுங்கள். 22 காரட் கொடுத்துவிட்டு 18 காரட் திரும்ப வந்தால் எடை சரியாக இருக்கும், தங்கம் குறைந்திருக்கும். புது நகையாகத் திருப்பும்போது சேதாரம் யார் பொறுப்பு என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். எழுதிக் கேட்பது நம்பாமல் இல்லை, நாளைக்கு உறவு கெடக் கூடாது என்பதற்காகத்தான்.

வரதட்சணை விஷயத்தில் மட்டும் பட்டென்று சொல்லிவிடுகிறேன். "பெண்ணுக்கு எத்தனை பவுன் போடுவீர்கள்?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டு அதன் பேரில் கல்யாணம் நிச்சயமாவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், கொடுப்பதும் குற்றம்தான். பெற்றோர் மனமுவந்து மகளுக்குப் போடும் நகை அவளுடைய சொத்து. அதற்கு 1985ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டியல் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் "30 பவுன் நகை" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். ஒவ்வொரு நகையும், அதன் நிகர எடையும், பில்லின் நகலும். பின்னால் ஒரு பிரச்சினை என்று வந்தால் பெண்ணுக்குத் துணை நிற்பது இந்தத் தாள்தான்.

அரசுத் தாளிலும் பவுன் கிராமாகத்தான் இருக்கும்

அரசு அறிவிப்பைக் கேட்கும்போது காதில் விழுவது பவுன், ஆணையில் இருப்பது கிராம். திருமண உதவித் திட்டத்தில் தாலிக்கு 4 கிராம் தங்கம் கொடுத்துவந்ததை 2016இல் ஒரு சவரன், 8 கிராம் ஆக்கினார்கள். 2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி என்று வந்தபோது எல்லை 40 கிராம். ஐந்து பவுன் சொச்சம் என்பதைப் பேச்சில் ஐந்து பவுன் என்றே சொல்லிப் பழகியவர்களுக்கு அந்தச் சொச்சம் எவ்வளவு பெரியது என்று இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும்.

அடகு வைக்கும்போதும் இதே கதைதான். வங்கியோ அடகுக்கடையோ நிகர எடையைத்தான் பார்க்கும், கல், அரக்கு, நூல் எல்லாம் கழியும், சேதாரத்துக்கும் செய்கூலிக்கும் ஒரு பைசா மதிப்பு கிடையாது. மதிப்பீட்டாளர் எடை போடும்போது கூடவே இருங்கள். ரிசர்வ் வங்கியின் 2025ஆம் ஆண்டு விதிகளும் கடன் வாங்குபவர் முன்னிலையில்தான் மதிப்பிட வேண்டும் என்கின்றன. மொத்த எடை, கழிவு, நிகர எடை மூன்றும் சீட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், மீட்கும்போது அதே தராசு முன்னால் மறுபடி எடை போட்டு வாங்குங்கள்.

பழைய நகையைக் கையில் எடுக்கும்போது

பாட்டி காலத்து நகைக்கு "இது பத்துப் பவுன்" என்று ஒரு பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதை நம்பிப் பங்கு பிரிக்காதீர்கள். நாற்பது வருடம் கழுத்தில் கிடந்த சங்கிலி தேய்ந்திருக்கும், உள்கூடு உள்ள காப்பில் அரக்கும் மெழுகும் இருக்கும், அன்றைய பற்றவைப்புப் பொடி தரத்தைக் குறைத்திருக்கும். முதலில் எடை, அப்புறம் தரம், அதன் பிறகுதான் பவுன் கணக்கு.

பழைய சீட்டுகளிலும் ஓலைகளிலும் ரூபாய் எடை, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்றெல்லாம் வரும். குன்றிமணியும் மஞ்சாடியும் விதைகள், அவற்றையே எடைக்கல்லாக வைத்து நிறுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த நகைகளின் எடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. பொன் நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயரே வைத்திருந்தார்கள். இன்ன கல்லால் நிறுத்தது என்று அப்போதே எழுதி வைத்தது எவ்வளவு நேர்த்தியான வேலை! ரூபாய் எடை மட்டும் நம் வீட்டுப் பழைய சீட்டுகளிலும் கிடைக்கும், அது வெள்ளி ரூபாயின் எடை, 11.66 கிராம். ஆனால் மற்ற அளவுகள் காலத்துக்கும் ஊருக்கும் தக்கபடி மாறியவை, இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஓர் அட்டவணையை வைத்துப் பழைய சீட்டை கிராமாக்கிக்கொண்டு சொத்துப் பேச உட்காராதீர்கள். நகை கையில் இருந்தால் தராசு போதும்.

பழையதைக் கொடுத்துப் புதியது எடுப்பதாக இருந்தால் கடைக்குப் போகும் முன்பே ஒரு ஹால்மார்க் மையத்தில் கொடுத்துத் தரத்தைச் சோதித்துவிடுங்கள், நான்கு நகை வரை 200 ரூபாய்தான் கட்டணம். அந்த அறிக்கையோடு போனால் கடையில் கேரட் மீட்டரில் (தங்கத்தின் தரத்தைக் காட்டும் கருவி) வைத்துக் காட்டும் எண்ணை நீங்களும் சரிபார்க்கலாம். உருக்கித்தான் பார்க்க வேண்டும் என்றால் உருக்கும் இடம் வரை கூடவே போங்கள், உருக்கும் முன் எடை, பின் எடை இரண்டையும் எழுதுங்கள். உருக்கிய பிறகு மனம் மாறினால் நகை திரும்பாது, கட்டிதான் திரும்பும். ஹால்மார்க் உள்ள நகையாக இருந்து சோதனையில் சொன்ன தரத்தைவிடக் குறைவு என்று வந்தால், விற்ற கடையிடம் அந்தக் குறைவின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கேட்டு வாங்க விதி இருக்கிறது. அதற்குக் கையில் இருக்க வேண்டியது நிகர எடையும் காரட்டும் எழுதிய அந்தப் பழைய பில், ஆகவே பில்லை நகைப்பெட்டியில் வைக்காமல் படம் எடுத்து வேறிடத்திலும் ஒரு நகல் வையுங்கள், வெப்பத்தாளில் அச்சடித்த எழுத்து சில வருடங்களில் அழிந்துவிடும்.